ஏரிக்கரை வீடுகளும் பாதாளச் சாக்கடையும்: டாஹோ ஏரியின் அனுபவம்

ஏரிக்கரைக் குடியிருப்பு ஒன்றில் வீடுதோறும் உள்ள செப்டிக் டேங்குகள் பழுதடைந்து, அவற்றுக்கு மாற்றாகப் பாதாளச் சாக்கடை கொண்டுவர வேண்டிய நிலை வரும்போது, குழாய் எந்தத் தெருவழியே போகும், வீட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்பவையே ஊர்ப்பேச்சாகிவிடுகின்றன. அவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம்; ஆயினும் ஏரியின் கதியைத் தீர்மானிப்பவை வேறு மூன்று. வெளியேற்றப்படும் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது, இத்தனை ஆண்டுகளாக மண்ணில் இறங்கிய கழிவு என்னவாகிறது, சாக்கடை வசதியை நம்பிக் கரையில் எழும் புதிய கட்டடங்களும் சாலைகளும் ஏரிக்கு என்ன செய்கின்றன என்பவையே அவை. அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு மாநிலங்களுக்கும் பொதுவான டாஹோ ஏரியில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்த அனுபவம் இம்மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பாடங்களைத் தருகிறது.

சியரா நெவாடா மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஏரியின் அதிகபட்ச ஆழம் 501 மீட்டர். பரப்பு சுமார் 497 சதுர கிலோமீட்டர். 63 ஓடைகள் இதில் வந்து விழுந்தாலும், வெளியேறும் ஆறு ட்ரக்கி ஒன்றே. ஆகையால் ஏரிக்குள் வந்த நீர் சராசரியாக 600 ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே தங்குகிறது. நீரோடு வந்த கழிவுச் சத்துகளுக்கும் எளிதில் வெளியேறும் வழி இல்லை. 1960இல் அருகிலுள்ள பள்ளத்தாக்கில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்ததைத் தொடர்ந்து, விடுமுறை வீடுகளும் சூதாட்ட விடுதிகளும் கரையெங்கும் பெருகின. அப்போது கழிவுநீரின் பெரும்பகுதி செப்டிக் டேங்குகள் வழியாகவும் கழிவுக் குழிகள் வழியாகவும் ஏரிப் படுகையின் மண்ணிலேயே இறங்கியது.

பழுதை அறிதல்

செப்டிக் அமைப்பு இரண்டு உறுப்புகளைக் கொண்டது. முதலாவதான தொட்டியில் கனமான கசடு அடியில் தங்க, கொழுப்பும் எண்ணெயும் மேலே படலமாக மிதக்க, இடைப்பட்ட நீர் மட்டும் வெளியேறுகிறது. இரண்டாவது உறிஞ்சுபரப்பு, அதாவது, சரளைக்கல் படுகையில் பதித்த துளைக் குழாய்கள் வழியாக அந்த நீர் மண்ணுக்குள் கசியும் இடம். உண்மையான சுத்திகரிப்பு நடப்பது தொட்டியில் அன்று, உறிஞ்சுபரப்புக்குக் கீழே உள்ள உலர்ந்த, காற்றோட்டமுள்ள மண்ணில்தான். அந்த மண் சில அடி ஆழத்துக்காவது இருந்தால்தான் நோய்க்கிருமிகள் வடிகட்டப்பட்டு அழியும். ஏரிக்கரையில் நிலத்தடி நீர்மட்டம் மேலே இருப்பதால் இந்த இடைவெளி குறுகிவிடுகிறது. பனி உருகும் காலத்திலோ, பெருமழைக்குப் பிறகோ அது முற்றிலும் மறைந்துவிடுவதும் உண்டு.

கழிவறைத் தொட்டியும் குளியலறைத் தரையும் மெதுவாக வடிவது, உறிஞ்சுபரப்பின் மேல் மட்டும் புல் நீளவாக்கில் அடர்பச்சையாக வளர்வது, மழையில்லாத நாளிலும் அவ்விடத்தில் கால் பதிவது, தொட்டியை இறைத்த சில நாட்களிலேயே அது மீண்டும் நிரம்புவது ஆகியவை பழுதின் அறிகுறிகள். சாயச் சோதனை, அதாவது கழிவறையில் நிறமியை ஊற்றிக் கரையில் அது தென்படுகிறதா என்று பார்க்கும் முறை, வெளிப்படையான கசிவை மட்டுமே காட்டும். சாயம் தெரியாததைக் கொண்டு ஏரிக்குத் தீங்கில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஏனெனில், நன்றாக இயங்கும் செப்டிக் அமைப்புகூட நைட்ரஜனின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துவதில்லை. அது நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரோடு நகர்கிறது. பாஸ்பரஸை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் கால்சியமும் பிடித்துவைக்கின்றன என்றாலும், அவற்றின் கொள்திறனுக்கு ஓர் எல்லை உண்டு; மணற்பாங்கான நிலத்தில் அந்த எல்லை விரைவிலேயே எட்டப்படுகிறது.

பாஸ்பரஸ் ஏன் இவ்வளவு கவனத்துக்குரியது என்பதைக் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் நடத்திய ஆய்வு கண்ணெதிரே காட்டியது. 1973இல் ஒண்டாரியோ மாகாணத்தின் 226ஆம் எண் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தபோது, பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சையானது. ஏரியில் சத்து மிகுந்து பாசி பெருகும் இந்த நிலையே மிகையூட்டம் எனப்படுகிறது.

பழுது கண்ட இடமெல்லாம் பாதாளச் சாக்கடை தேவை என்பதும் இல்லை. பெரிய மனையும் ஆழமான மண்ணும் உள்ள வீட்டில், தொட்டியை 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இறைப்பதாலும் உறிஞ்சுபரப்பைப் புதிதாக அமைப்பதாலும் பழுது தீர்ந்துவிடலாம். மனைகள் சிறியனவாகவும், நீர்மட்டம் மேலாகவும், பாறை அருகிலும், வீடுகள் நெருக்கமாகவும் இருந்து, மாற்று உறிஞ்சுபரப்புக்கே இடமில்லாத கரையில்தான் பொதுச் சாக்கடை தவிர்க்க முடியாததாகிறது. எனவே திட்டம் தீட்டுமுன், தெரு தெருவாகத் தொட்டிகளின் வயது, மண்ணின் தன்மை, நீர்மட்டத்தின் பருவகால ஏற்ற இறக்கம், கிணற்று நீரின் நைட்ரேட் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்வது முதல் வேலையாக இருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத ஊரில், பிற்காலத்தில் ஏரி தேறியதா இல்லையா என்பதைச் சொல்வதற்கும் அடிப்படை இராது.

குழாயின் வகையும் அதன் கவலைகளும்

புவியீர்ப்பால் ஓடும் சாக்கடைக்குச் சரிவு வேண்டும். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு 100 மீட்டருக்குக் குறைந்தது 40 சென்டிமீட்டர் சரிவு என்பது அமெரிக்காவில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவு. அதற்குக் குறைந்தால் திடக்கழிவு தங்கி அடைத்துக்கொள்ளும். ஏரிக்கரை வீடுகள் பெரும்பாலும் சாலையைவிடத் தாழ்ந்திருப்பதால், கழிவுநீரை மேலேற்றியாக வேண்டும். இதற்குப் பொது உந்துநிலையங்கள் ஒரு வழி. வீட்டு முற்றத்தில் சிறு தொட்டியும் அரைக்கும் பம்பும் வைத்து, மெல்லிய அழுத்தக் குழாயில் தள்ளுவது இன்னொரு வழி. இரண்டாவது முறையில் ஆழமான பள்ளம் தோண்ட வேண்டியதில்லை, மரங்களின் வேரும் தப்பும். ஆனால் மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும். ஆகவே பம்பு யாருடைய உடைமை, பழுதானால் யார் வருவார்கள், மின்வெட்டின்போது தொட்டி எத்தனை மணிநேரம் தாங்கும் என்பவற்றை ஒப்பந்தம் எழுதும்போதே எழுத்தில் பெறுவது நல்லது.

கரையோரக் குழாய்க்கு உள்ளே கசியும் நீர் மற்றொரு கவலை. நிலத்தடி நீர் மேலாக உள்ள இடத்தில் இணைப்புகள் தளர்ந்தால், கழிவுநீர் வெளியேறுவதற்குப் பதிலாக நல்ல நீர் உள்ளே புகுந்து, மழைக்காலத்தில் உந்துநிலையங்களை நிரப்பி வழியச் செய்யும். கூரை நீரையும் அடித்தளத்து நீரையும் சாக்கடையில் விடும் வீடுகள் இதை மேலும் மோசமாக்குகின்றன. புதிய குழாயை மண் மூடுமுன் அழுத்தச் சோதனை செய்வதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புகை செலுத்தி முறைகேடான இணைப்புகளைக் கண்டறிவதும் செலவுக்கு மேல் பயன் தருபவை. குழாய் ஏரிக்கு அருகில் செல்வதே ஓர் ஆபத்து என்பதையும் மறக்கலாகாது. 2024 ஜூலையில் டாஹோவின் வடகரையில், கார்னீலியன் விரிகுடாப் பகுதியில், வேறொரு வேலையின்போது பிரதானக் கழிவுநீர்க் குழாய் உடைந்து கழிவுநீர் ஏரியில் கலந்தது. குழாய்த் தடங்களின் துல்லியமான வரைபடமும், மண் தோண்டுவோர் அதைப் பார்த்தாக வேண்டும் என்ற விதியும் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

வீட்டு வாசலில் நடப்பவை

பொதுக் குழாய் தெருவுக்கு வந்துவிட்டாலே வேலை முடிந்துவிட்டது என்று வீட்டுக்காரர்கள் எண்ணுவது இயல்பு. தெருக் குழாயிலிருந்து வீடு வரையிலான இணைப்புக் குழாய் பெரும்பாலும் அவர்களுடைய செலவு என்பதும், மனைவரி போன்ற திட்டப் பங்கு, இணைப்புக் கட்டணம், உட்குழாய் மாற்றம், பழைய தொட்டியை மூடும் செலவு, பிறகு மாதக் கட்டணம் என அது பல கூறுகளாக வரும் என்பதும் பின்னரே தெரியவருகின்றன. இவை அனைத்தையும் ஒரே தாளில் கேட்டுப் பெற்ற பின்னரே ஒப்புதல் அளிப்பது உகந்தது. அமெரிக்காவில் மாநிலங்களின் சுழல்நிதி மூலம் குறைந்த வட்டிக் கடன் வழங்கும் ஏற்பாடு 1987ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் வீடு இழக்காமல் இணைப்புப் பெற இத்தகைய தவணை வசதி கட்டாயம் வேண்டும். அது இல்லாத திட்டம், எவ்வளவு நல்ல நோக்கமுடையதாயினும், நியாயமானது ஆகாது.

பழைய தொட்டியை அப்படியே விட்டுவிடக் கூடாது. முதலில் அதை முழுவதும் இறைத்து, அடித்தளத்தில் நீர் தேங்காதபடி துளையிட்டு, மூடியை உடைத்து உள்ளே தள்ளி, மணலோ சரளையோ இட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். இப்படிச் செய்யாத தொட்டியின் மூடி ஆண்டுகள் கழித்து மக்கி, அதன்மேல் விளையாடும் குழந்தை உள்ளே விழ நேரும். எந்த நிலையிலும் தொட்டிக்குள் மனிதர் இறங்கக் கூடாது. உள்ளே தேங்கும் நச்சுவாயுவும் ஆக்சிஜன் குறைவும் சில நொடிகளில் உயிரைப் பறிக்கும்.

கழிவுநீர் போய்ச் சேரும் இடம்

சுத்திகரித்த நீரையும் ஏரிப் படுகைக்குள் விடலாகாது என்பதே டாஹோவில் எடுக்கப்பட்ட முடிவு. கலிபோர்னியாவின் 1969ஆம் ஆண்டுப் போர்ட்டர்-கோலோன் சட்டம் கழிவுநீரைப் படுகைக்கு வெளியே கொண்டுசெல்வதைக் கட்டாயமாக்கியது. நெவாடாவும் அவ்வழியே சென்றது. தென்கரையின் நீர் மேம்பட்ட சுத்திகரிப்புக்குப் பின் லூதர் கணவாயைத் தாண்டி ஆல்பைன் மாவட்டத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டு, இந்தியன் கிரீக் நீர்த்தேக்கத்தில் சேர்க்கப்பட்டது. அங்கிருந்து மேய்ச்சல் நிலங்களுக்குப் பாசனமானது. வடகரையின் கழிவுநீர் ட்ரக்கி நகரருகே உள்ள நிலையத்துக்குச் செல்கிறது.

ஏரி தப்பியது; ஆனால் அந்த நீர்த்தேக்கம் பாஸ்பரஸ் மிகுந்து மிகையூட்டத்துக்கு ஆளானது. 1989இல் ஹார்வி பிளேஸ் என்னும் வேறொரு நீர்த்தேக்கம் அப்பணியை ஏற்ற பின்னும், பழையதைச் சீராக்கும் பொறுப்பு எஞ்சியது. ஓர் ஊரின் கழிவைச் சுமக்கும் அடுத்த ஊரின் நீருக்கும் அதே மதிப்பு உண்டு. ஆகவே, திட்டக் கூட்டத்தில் கடைசிக் குழாயின் முனை எங்கே திறக்கிறது, அங்கே பாஸ்பரஸ் எந்த அளவுக்கு நீக்கப்படும், அங்குள்ள மக்களின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேட்பது கரைவாழ் மக்களின் கடமை.

சாக்கடைக்குப் பின்னும் மங்கிய ஏரி

ஏரியின் தெளிவு, வெண்ணிறத் தட்டு ஒன்றைப் படகிலிருந்து கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பதால் அளக்கப்படுகிறது. செக்கி தட்டு என்பது அதன் பெயர். டாஹோவில் 1959 முதல் ஆய்வு நடத்திய கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் கோல்ட்மனும் அவருடைய குழுவினரும் எடுத்த அளவின்படி, 1968இல் தட்டு சராசரியாக 31 மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. எழுபதுகளின் பிற்பகுதிக்குள் கழிவுநீர் ஏறக்குறைய முழுவதும் வெளியே சென்றுவிட்ட பிறகும் அந்த ஆழம் குறைந்துகொண்டே வந்து, 1997இல் 20 மீட்டருக்கும் கீழே இறங்கியது.

சாக்கடை வந்தது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. அது வராதிருந்தால் சரிவு இன்னும் கடுமையாக இருந்திருக்கும். உண்மையில், மனையில் உறிஞ்சுபரப்புக்கு இடம் வேண்டும் என்ற இயற்கைத் தடை நீங்கியபோது, நெருக்கமான கட்டடங்களுக்கும் தார்ச்சாலைகளுக்கும் வழி திறந்தது. பனிக்காலத்தில் சாலைகளில் தூவிய மணல் சக்கரங்களில் அரைபட்டு, மழைநீரோடு ஏரிக்குள் நுண்துகளாக இறங்கியது. 16 மைக்ரான்களுக்கும் சிறிய இத்துகள்கள் வெகுகாலம் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. ஏரியில் சேரும் நுண்துகளில் ஏறத்தாழ 72 விழுக்காடு கட்டடமும் சாலையும் நிறைந்த நகர்ப்பகுதிகளிலிருந்து வருவதாகப் பிற்கால ஆய்வு கணித்தது. நைட்ரஜனின் பாதிக்கு மேல் காற்றிலிருந்து படிவதாகவும் தெரிந்தது. ஆகவே, சாக்கடைத் திட்டம் நிறைவேறும் அதே ஆண்டில் மனைப்பிரிப்பு வரம்பு, மழைநீர் வடிகட்டும் படுகைகள், கரையோரப் புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரத்தடை ஆகிய மூன்றும் நடைமுறைக்கு வந்தாக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், கட்டடங்கள் எழுந்தபின் விதி போட முடியாமல் போகும்.

எத்தனை காலம் காத்திருப்பது

ஏரி தேறும் வேகம் ஏரிக்கு ஏரி வேறுபடும். சியாட்டில் நகரருகே உள்ள வாஷிங்டன் ஏரியில் சுத்திகரிப்பு நிலையங்களின் நீர் கலந்துவந்ததால் பாசி பெருக, 1958 மார்ச்சில் தோற்ற பொது வாக்கெடுப்பு அதே ஆண்டு செப்டம்பரில் வென்று, 1963 முதல் 1968 வரை கழிவுநீர் திருப்பிவிடப்பட்டது. அங்கே நீர் சில ஆண்டுகளிலேயே மாறிவிடுவதால், உயிரியல் அறிஞர் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் முன்னரே கணித்தபடி ஏரி விரைவில் தெளிந்தது. அதற்கு மாறாக, மின்னசோட்டா மாநிலத்தின் ஷாகவா ஏரியில் 1973இல் பாஸ்பரஸ் வரத்து வெகுவாகக் குறைக்கப்பட்ட பிறகும், அடிச்சேற்றில் படிந்திருந்த பாஸ்பரஸ் கோடைதோறும் மீண்டும் நீரில் கரைந்து ஏரி தேறுவதைத் தாமதப்படுத்தியது. மூடப்பட்ட உறிஞ்சுபரப்புகளின் கீழுள்ள மண்ணும் இவ்வாறே பல ஆண்டுகளுக்குச் சத்துகளை நிலத்தடி நீருக்கு விட்டுக்கொண்டிருக்கும்.

எனவே, இணைப்புக் கட்டணம் செலுத்திய மக்களிடம் அடுத்த கோடையிலேயே நீலநிற ஏரியை வாக்களிப்பது தவறு. ஏரியின் ஆழம், நீர் தங்கும் காலம், சேற்றின் நிலை ஆகியவற்றைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க காலத்தை முன்கூட்டியே சொல்லி, ஆண்டுதோறும் தெளிவு, பாஸ்பரஸ், நைட்ரேட் அளவுகளை ஊர்ச்சபையில் வெளியிட்டால், மக்களின் நம்பிக்கை நிலைக்கும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் குழாய்ப் பராமரிப்புக்கும் மழைநீர் வடிகாலுக்கும் அவர்கள் தொடர்ந்து பணம் ஒதுக்க இசைவார்கள். பாதாளச் சாக்கடை ஏரியைக் காப்பதற்கான முதல் தவணை. எஞ்சிய தவணைகளை அளவீட்டாலும், நில ஒழுங்காலும், அடுத்த ஊரின் நீரை மதிப்பதாலும் ஆண்டுதோறும் செலுத்தியாக வேண்டும்.