ஐந்தாம் சாசனமும் யமுனைப் பறவைகளும்

டில்லியில் பிரோஸ் ஷா கோட்லா என்னும் பாழ்ங்கோட்டையின் மேல்தளத்தில் அசோக மாமன்னரின் கற்றூண் ஒன்று நிற்கின்றது. அரியானாவிலுள்ள தோப்ரா என்னும் ஊரில் இருந்த அதனை, 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் இலவம்பஞ்சால் பொதிந்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியிலேற்றி, யமுனையில் படகு வழியே கொணர்வித்தான். அதில் எழுதியிருப்பது யாதென அந்நாளில் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் படித்துரைத்த பின்னரே அது தம்ம சாசனம் என உலகம் அறிந்தது.

அத்தூணின் ஐந்தாம் சாசனமே இப்பாடத்திற்குப் பொருள். முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின், இன்ன இன்ன உயிர்களைக் கொல்லலாகாது என அசோகர் அதில் பெயர் பெயராக வரைந்துள்ளார். தலையில் நிற்பவை பறவைகளே: கிளி, மைனா, சக்கரவாகம், அன்னம், பின்னர் வெண்புறாவும் ஊர்ப்புறாவும் வருகின்றன. எல்லா உயிர்க்கும் அன்பு செய்க எனப் பொதுவாகச் சொல்லி அவர் அமையவில்லை. பெயரிட்டுக் காப்பதற்குப் பெயரறிதல் வேண்டுமன்றோ?

முதற் சீலம் கெடுவதற்கு ஐந்து அங்கங்கள் கூடவேண்டும் என உரையாசிரியர் வகுத்துள்ளனர்: உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் அது சாதல். எண்ணம் இல்லையேல் சீலம் கெடவில்லை. இதைக் கேட்டு நம்முள் சிலர் ஆறுதலடைந்துவிடுகின்றனர். அசோகரோ அவ்வளவில் நிற்கவில்லை. உயிர்கள் ஒளிந்துள்ள உமியைக் கொளுத்தலாகாது எனவும், காரணமின்றிக் காட்டிற்குத் தீ வைக்கலாகாது எனவும் அதே சாசனத்தில் விதிக்கின்றார். உமியைக் கொளுத்துவோன் புழுவைக் கொல்ல நினைப்பதில்லை. அதனை அவன் காண்பதேயில்லை. அக்காணாமையையே மன்னர் தடுக்க முற்பட்டார் என்பது எம் கருத்து.

பிணந்தின்னிக் கழுகுகளின் கதை இதற்குச் சான்றாகும். மாடுகளின் வலி தீர டைக்ளோபினாக் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 1990களில் தொடங்கி, மூன்று இனங்கள் 100க்கு 95க்கு மேல் அழிந்தன. காரணம் 2004இல் வெளிப்பட்டது. 2006இல் கால்நடைக்கு அம்மருந்து இந்தியாவில் தடுக்கப்பட்டது. மாட்டினிடத்து இரக்கங்கொண்ட கைகளே, தாம் அறியாமல், கழுகுக்கு நஞ்சூட்டின.

ஆகஸ்டு 15ஐ ஒட்டி டில்லியில் பட்டம் விடும் சிறுவனும் பருந்தைக் கொல்ல நினைப்பதில்லை. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் அதன் சிறகை அறுத்துவிடுகின்றது. நைலான் மாஞ்சாவை டில்லி அரசு 2017இல் தடைசெய்தது. வசீராபாத்தில் முஸ்லிம் சகோதரர் இருவர் அடிபட்ட பருந்துகளைப் பல்லாண்டு பேணியதைக் காட்டும் ஆவணப்படம் 2022இல் வெளிவந்தது. நம் இல்லங்களிலேனும் வெறும் பருத்தி நூலால் பட்டம் விடப் பிள்ளைகளைப் பழக்குதல் வேண்டும்.

புண்ணியம் கருதிக் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் தாய்லாந்து முதலிய பௌத்த நாடுகளில் உண்டு. இதனை நாம் மேற்கொள்ளலாகாது. வாங்குவோர் இருப்பதனாலேயே வேடன் வலை விரிக்கின்றான். வலையிலும் கூண்டிலும் சாகும் பறவைகள் புண்ணியக் கணக்கில் வருவதில்லை. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றமுமாம். அப்பணத்திற்குச் சங்கத்தார் தொலைநோக்கி ஒன்று வாங்கலாம்.

அதனுடன் முதலிற் செல்லத்தக்க இடம் ஓக்லா. யமுனை அணைக்கட்டின் அருகே, டில்லியும் உத்தரப் பிரதேசமும் கூடும் எல்லையில், 1990இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது அது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையே ஏற்ற வேளை. நீரோரத்தில் செங்காவி நிறத்துப் பெருவாத்துகள் இணையிணையாக நிற்கக் கண்டால், அவையே சாசனத்துச் சக்கரவாகம். லடாக்கு, திபெத்து முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்துப் பனிக்காலத்தில் இங்கு வருவன. பிக்குகளின் துவராடை நிறத்தன ஆதலின் திபெத்திலும் மங்கோலியாவிலும் பௌத்தர் அவற்றைப் புனிதமாகப் போற்றுவர்.

பத்துப் பேருக்கு மிகாமல் செல்க, ஆற்றில் பொரி முதலியன எறியற்க, கூடுகளை நெருங்கற்க. டில்லியில் இத்தகைய நடைகள் புதியனவல்ல. காந்தியடிகளின் நண்பரும், போரை மறுக்கும் குவேக்கர் சமயத்தவருமான ஹொரேஸ் அலெக்சாண்டர் முதலியோர் 1950லேயே இங்குப் பறவை நோக்குவோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். கண்டவற்றின் பெயர், தொகை, இடம், நாள் ஆகியவற்றை உடனுக்குடன் குறித்து வருக. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. பழகிய கண்ணும் ஒழுங்கான குறிப்பேடும் உடையோர் அதில் சேர்ந்து எண்ணலாம்.