துருவை வெல்வோம்!



"திருத்தணியில ஏதுடா கடல்? மலையும் படியும்தானே இருக்கு! இந்தப் பாடம் நமக்கெதுக்கு?" என்று கேட்டான் என் அறைத் தோழன். நியாயமான கேள்விதான். ஆனால் நாளைக்கு நமக்கு வேலை எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ கிடைக்கலாமே!

பாம்பனைப் பாருங்கள். 1914-ல் திறந்த ரயில் பாலம். 1964 டிசம்பர் புயலில் பல கர்டர்கள் போயின. இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி ரயில் விட்டார்கள். புயலால் முடியாததை உப்புக்காற்று மெதுவாகச் செய்தது. இரும்பு அரித்துப் போனதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது.

துரு எப்படி வருகிறது?

இரும்பின் ஒரு பகுதி ஆனோடாக மாறி எலக்ட்ரானை இழந்து கரைகிறது. கேதோடு பகுதியில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகம் கூடுகிறது. குளோரைடு, இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தையும் உடைக்கிறது.

அதிகம் அரிப்பது எங்கே?

ஆழத்தில் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! அலை தெறிக்கும் பகுதியில்தான். அங்கே நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும், ஆக்சிஜனும் தாராளம்.

தடுப்பது எப்படி?

துத்தநாகத்தின் மின்னழுத்தம் -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44. எனவே இரண்டையும் இணைத்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். இந்தத் தியாக ஆனோடு முறையை 1824-லேயே ஹம்ப்ரி டேவி கப்பலின் செப்புத் தகடுகளுக்குச் சோதித்தார். ஆனால் மின்னோட்டம் செல்ல நீர் வேண்டும். அதனால் ஆனோடுக் கட்டி நீருக்கடியில் மட்டுமே உதவும். மேலே பூச்சுதான் கதி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் பாலிசிலாக்சேன் பூச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் உள்ளன. இடுக்கு இல்லையென்றால் உப்புநீர் தேங்க இடமில்லை.

நம்ம ஊரிலும் உண்டு

எங்கள் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டி ஏணிக்கு, துருவைச் சுரண்டாமலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஒரு நாள் சித்தப்பா கால் வைத்த படி ஒடிந்தது. நல்லவேளை, இடுப்பு உயரம்தான், சிராய்ப்போடு தப்பித்தார். பெயிண்டுக்கு உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

நண்பர்களே, நாளை சூப்பர்வைசராக நிற்கும்போது "மேலாக அடிச்சு விடுங்க சார், யாருக்குத் தெரியப் போகுது" என்று சொல்வார்கள். முதலில் வயர் பிரஷ்ஷைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படியில் ஏறப்போவது யாரோ ஒருவருடைய சித்தப்பா!

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்