வீட்டுக் கணினிக்குக் கைப்பேசியே மோடம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. அந்நாளில் கணினியின் எண்குறிகளைத் தொலைபேசிக் கம்பியில் செல்லும் ஒலிக்குறிகளாகவும், வரும் ஒலிக்குறிகளை எண்குறிகளாகவும் மாற்றித் தந்த கருவியே மோடம். இன்று அப்பணியைக் கைப்பேசி அலைகளின் வாயிலாகச் செய்கிறது.

எனவே வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் கம்பி இணைப்பில்லா இல்லத்துப் பிள்ளைகளும் கல்லூரி விண்ணப்பத்தை வீட்டுக் கணினியிலேயே நிரப்பலாம். அதற்கு இரு வழிகள் உள.

1. கேபிள்: கைப்பேசியைக் கணினியுடன் கேபிளால் இணைத்து, அமைப்புகளில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குக. கைப்பேசிக்கு மின்னூட்டமும் ஏறும்.

2. ஹாட்ஸ்பாட்: வைஃபை மூலம் இணைவது. கடவுச்சொல் இன்றேல் அண்டை வீட்டாரும் நம் டேட்டாவைப் பயன்படுத்த இயலும்.

கணினி நாமறியாமலே தன் மென்பொருளைப் புதுப்பிக்கும். அன்றைய டேட்டா தீர்ந்து விண்ணப்பம் பாதியில் நிற்கும். விண்டோஸில் இவ்விணைப்பை ‘மீட்டர்டு’ எனக் குறித்தால் பெரும்பாலான பதிவிறக்கங்கள் தள்ளிவைக்கப்படும்.

காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தையுடன் கைப்பேசியும் செல்லும். இணைப்பும் உடன் போகும். ஆகவே இறுதி நாள்வரை காத்திராது, விடுமுறை நாளொன்றில் முன்னதாகவே முடித்தல் நன்றெனக் கருதுகிறோம்.

பயிற்சி வினா: மேற்கண்ட இரு வழிகளுள் எதற்குக் கடவுச்சொல் வேண்டுவதில்லை? ஏன்?