கோல்சிசின்: மருந்துச்சீட்டு எழுதத் தொடங்கும் இளம் மருத்துவருக்கு



செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள ஆல்கலாய்டு கோல்சிசின். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இக்கொடி பயிராவது விதைக்காக; விதைக்கு விலை இந்த ஆல்கலாய்டால். ஐரோப்பாவில் இது கோல்சிகம் என்ற செடியிலிருந்து கிடைத்தது. பெல்லெட்டியே, காவென்டு என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820-இல் அதிலிருந்து பிரித்தெடுத்தனர்.

செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் கோத்துக் கோத்து நுண்குழலாக வளர்கிறது. கோல்சிசின் டியூபுலினுடன் ஒட்டி அந்த வளர்ச்சியை நிறுத்துகிறது. நுண்குழல் குலைந்த நியூட்ரோபில் அணுக்களால் மூட்டுக்குச் சரிவரப் போய்ச் சேர முடியாது. யூரிக் அமிலப் படிகம் மூட்டிய அழற்சி, அதாவது கவுட், தணிகிறது. ஆனால் குடல் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் மயிர்க்காலிலும் செல் பிரிவதற்கும் அதே நுண்குழல்தான் வேண்டும். குணமும் நஞ்சும் இங்கே ஒரே செயலின் இரு அளவுகள்.

கோல்சிசின் யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. பொதுவான வலிநிவாரணியும் அல்ல. கவுட் வலி தொடங்கிய சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்பது பழைய வழக்கம். அதை இன்னும் பின்பற்ற நியாயமில்லை: ஒரு மணி நேரத்தில் மொத்தம் 1.8 மி.கி., ஆறு மணி நேரத்தில் 4.8 மி.கி. இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில் வலி தணிவது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது, வயிற்றுப்போக்கோ குறைந்த அளவில் வெகுவாகக் குறைந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால் தொடங்கும்போது கவுட் கிளம்பாமலிருக்கச் சில மாதங்கள் சிறு அளவில் கொடுப்பதும் உண்டு. மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சலுக்கு 1970-களிலிருந்து இதுவே முதல் மருந்து. இதய உறை அழற்சி திரும்ப வராமலிருக்கவும் இது உதவுகிறது. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க நாளுக்கு 0.5 மி.கி. என்ற அளவுக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி தந்தது. இதில் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை.

மருந்துச்சீட்டில் கை வைக்குமுன் மருத்துவர் கேட்க வேண்டியவை இரண்டு: சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறென்ன மாத்திரை ஓடுகிறது. கிளாரித்ரோமைசின், சைக்ளோஸ்போரின் போன்றவை கோல்சிசின் உடலைவிட்டு வெளியேறும் வழியை அடைக்கும். வழக்கமான அளவே அப்போது நஞ்சாகலாம். சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவருக்கு இச்சேர்க்கை கூடவே கூடாது.

சித்த மருத்துவம் செங்காந்தள் கிழங்கைச் சுத்தி செய்யாமல் எடுப்பதில்லை. வள்ளிக்கிழங்கென்று நினைத்துச் சமைத்து உண்டவர்களும், உயிரை விடுவதற்கென்றே உண்டவர்களும் தமிழகத்திலும் இலங்கையிலும் அவசரப் பிரிவுக்கு வருவதுண்டு. முதல் நாள் வாந்தியும் பேதியும் மட்டுமே தெரியும். அது தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. அடுத்த சில நாட்களில்தான் வெள்ளணுக்கள் சரியும், சிறுநீரகமும் இதயமும் தளரும். டயாலிசிஸில் இந்த நஞ்சு நீங்காது. எளிதில் கிடைக்கும் முறிமருந்தும் இல்லை. பிழைத்தவருக்கு ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டும். பின்னர் பெரும்பாலும் வளர்ந்துவிடும்.