பார்த்தவர் யாருமில்லை, ஆனாலும் ஆயுள் தண்டனை

கேள்வி: என் தம்பி அவன் மனைவியைக் கொன்றுவிட்டதாக செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை. ‘ராத்திரி வீட்டில் இருந்தது நீ மட்டும்தானே’ என்பதுதான் மொத்த வழக்கும். ஹைகோர்ட்டில் எல்லாரையும் மறுபடி விசாரிப்பார்களா? வக்கீல் வைக்கவும் வசதியில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: பொதுவாகச் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார்கள். மதுரைக் கிளையில் இரண்டு நீதிபதிகள் அமர்ந்து, கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம் முழுவதையும் தாங்களே படித்து எடை போடுவார்கள். செஷன்ஸ் நீதிபதி நம்பிய சாட்சியை அவர்களும் நம்பியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதனால் மேல்முறையீடு என்பது கருணை மனு அல்ல. வழக்கின் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்க்கும் வேலை.

அப்படி இழுத்துப் பார்த்ததில் அறுந்துபோன வழக்கு ஒன்று உண்டு. 1982 ஜூன் மாதம் புனேயில், திருமணமாகி நான்கே மாதமான ஒரு பெண் பொட்டாசியம் சயனைடு விஷத்தால் இறந்தார். கணவருக்கு செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது; பம்பாய் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1984 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதுதான் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு. தீர்ப்பளித்த மூவரில் ஒருவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி போன நீதிபதி ஏ.வரதராஜன்.

இறந்தவர் தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களைக் காட்டித்தான் அரசுத் தரப்பு கணவரின் கொடுமையைச் சொன்னது. அந்தக் கடிதங்களிலேயே அவரது மனச்சோர்வும் தெரிந்தது. தற்கொலையாக இருக்கலாம் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பால் அடைக்க முடியவில்லை. சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பதென்றால் ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமற நிரூபணமாக வேண்டும், எல்லாம் சேர்ந்து குற்றத்தைத் தவிர வேறெந்த முடிவுக்கும் இடம் வைக்கக் கூடாது என்று ஐந்து விதிகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது. இன்றைக்கும் இப்படிப்பட்ட மேல்முறையீட்டில் வக்கீல்கள் முதலில் எடுப்பது அதைத்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. இறந்துபோன பெண்ணின் பக்கம் அது. நான்கு சுவருக்குள் நடந்ததற்கு வெளிச் சாட்சி எங்கிருந்து வரும்? திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் மனைவி பாம்பு கடித்து இறந்ததாகச் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை, கழுத்து நெரிக்கப்பட்டதைக் காட்டியது. வீட்டுக்குள் நடந்த மரணத்துக்கு உடன் இருந்தவர் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்தியது. சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இதற்குத்தான் (புதிய சட்டத்தில் 109). ஆனாலும் அடிப்படை வழக்கை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும். அன்று இரவு தம்பி வீட்டில் இருந்தார் என்பதே நிரூபணமானதா, அல்லது அக்கம்பக்கத்தார் ஊகித்துச் சொன்னதா? தீர்ப்பில் முதலில் தேட வேண்டியது அதை.

அடுத்தது, எல்லாச் சாட்சிகளும் முடிந்தபின் நீதிபதி குற்றவாளிக் கூண்டில் நிற்பவரிடம் கேட்கும் ‘313 கேள்விகள்’ (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-ஆம் பிரிவு; புதிய சட்டத்தில் 351). பத்துப் பன்னிரண்டு பக்கம் டைப் செய்த தாள். ‘பொய்’, ‘தெரியாது’ என்ற பதில்களாகவே இருப்பதால் குடும்பத்தார் அதைப் புரட்டுவதே இல்லை. தம்பிக்கு எதிராகத் தீர்ப்பில் பயன்படுத்திய ஏதாவது ஒரு சூழ்நிலை அந்தக் கேள்விகளில் இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேட்காத சூழ்நிலையை அவருக்கு எதிராகக் கொள்ளக் கூடாது என்பதும் சார்தா தீர்ப்பில் இருக்கிறது.

ஆயுள் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 60 நாள் அவகாசம். தாண்டிவிட்டால் காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். தீர்ப்பு நகல் தண்டனை பெற்றவருக்கு இலவசம். அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடும்படியும் மனு போடலாம். அரசு வக்கீலின் எதிர்ப்பைக் கேட்டபிறகே முடிவாகும், கொலை வழக்கில் எளிதில் கிடைக்காது.

காசில்லாததால் அப்பீல் நின்றுபோக வேண்டியதில்லை. சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்கிறது. தம்பி சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீல் மனு கொடுக்கலாம். வெளியே இருக்கும் அக்கா, 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது தீர்ப்பு நகலுடன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். 313 தாள்களின் நகலையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.