பினாங்கு மலையோடையின் மீன்

பினாங்குத் தீவின் நடுவே கொடிமலை உயர்ந்து நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 833 மீட்டர். அதன் சரிவுகளிலிருந்து பல சிற்றோடைகள் இறங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்று தாவரவியல் பூங்காவின் வழியாக ஓடி, பிறகு நகருக்குள் நுழைந்து பினாங்கு ஆற்றில் கலக்கிறது. தைப்பூசத்தின்போது பக்தர்கள் திரளும் தண்ணீர்மலை அந்தப் பூங்காவுக்கு அருகில்தான் உள்ளது. மலைக்கு அப்பெயர் வந்ததற்கு அங்குள்ள அருவியே காரணம்.

இத்தகைய ஓடைகளில் சிறிய வலையோடு மீன் பிடிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. பிடித்த மீனைக் கண்ணாடிப் புட்டியில் விட்டுப் பார்த்தவுடன் எழும் முதல் கேள்வி, “இது என்ன மீன்?” என்பதே. பெரும்பாலும் கிடைக்கும் விடைகள் நான்கைந்துதான். உடலில் கரும்புள்ளிகள் இருந்தால் கெண்டை. மீசை இருந்தால் கெளுத்தி. தலை பாம்பின் தலைபோல் இருந்தால் விரால் குஞ்சு. உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னினால் மலாய்க்காரர் ‘கெப்பாலா தீமா’ எனும் ஈயத்தலை மீன். ஒல்லியான உடலும் நீண்ட துடுப்பும் கொண்ட எதுவும் ‘சண்டை மீன்’ ஆகிவிடுகிறது. இந்தக் கடைசி விடையில்தான் சிக்கல் இருக்கிறது. இச்சிக்கலுக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அது தொடங்கியதும் பினாங்கில்தான்.

தியோடர் கேண்டர் என்பவர் டென்மார்க்கில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றியவர். மருத்துவப் பணிக்கிடையே பாம்பு, மீன், பறவை எனப் பலவற்றையும் சேகரித்து ஆராய்ந்தார். அக்காலத்தில் மருத்துவர்களே பெரும்பாலும் இயற்கை ஆய்வாளர்களாகவும் விளங்கினர். 1849ஆம் ஆண்டில் அவர் மலாயா மீன்களின் பட்டியல் ஒன்றை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அதில் பினாங்கில் கிடைத்த ஒரு சிறிய மீனுக்குப் ‘பக்னாக்ஸ்’ என்ற பெயரைச் சூட்டினார். இலத்தீன் மொழியில் அதற்குச் ‘சண்டைப் பிரியன்’ என்று பொருள். சயாமில் பந்தயத்திற்காக வளர்க்கப்பட்ட சண்டை மீன்களை அவர் அறிந்திருந்தார். அவற்றையும் பினாங்கு மீனின் ஒரு வகையாகவே கருதி, இரண்டையும் ஒரே பெயரின் கீழ் வைத்தார்.

ஆனால், அவை இரு வேறு இனங்கள். இந்தக் குழப்பம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்தது. இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சார்லஸ் டேட் ரீகன் இதனை ஆராய்ந்து, 1910ஆம் ஆண்டில் சயாம் மீனுக்குப் ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’ என்ற புதிய பெயரை வழங்கினார். அறிவியலில் முதலில் சூட்டிய பெயர் எந்த மீனுக்கு உரியதோ, அதனிடமே நிற்க வேண்டும் என்பது விதி. கேண்டர் ‘பக்னாக்ஸ்’ என்று பெயரிட்ட மீன் எந்த ஊரைச் சேர்ந்தது? பினாங்கு. பட்டியலில் பதிவாகியிருந்த அந்த ஓர் ஊர்ப்பெயர் பழைய பெயர் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானித்தது. இன்று அந்த மீன் ‘பெட்டா பக்னாக்ஸ்’ என்று அழைக்கப்படுகிறது. இதனால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. உலகமே சண்டை மீன் என்று அறிந்திருப்பதற்கு ‘ஒளிமிக்கது’ என்ற பெயர் கிடைத்தது. மலையோடையில் ஒதுங்கி வாழும் மீனுக்குச் சண்டைப் பிரியன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வேடிக்கை அத்துடன் முடியவில்லை. 1975ஆம் ஆண்டில் லாடிகஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நம் நாட்டின் வயல்களிலும் புல் அடர்ந்த வாய்க்கால்களிலும் வாழும் மற்றொரு பெட்டா மீனுக்கு ‘இம்பெல்லிஸ்’ என்று பெயரிட்டார். ‘போரிடாதது’ என்பது அதன் பொருள். கம்பத்துச் சிறுவர்கள் பிடித்துச் சண்டைக்கு விட்ட ‘லாகா’ மீன் இதுதான்! ஆகவே, பெயரின் பொருளை நம்பி மீனை அடையாளம் காண முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

அப்படியானால் எதை நம்புவது? முதலில் மீன் கிடைத்த நீரைக் கவனிக்க வேண்டும். பெட்டா பக்னாக்ஸ் காட்டு நிழலில் ஓடும் தெளிந்த நீரை நாடும். வேகமான நடு ஓட்டத்தைத் தவிர்த்து, கரையோரம் படிந்த சருகுகளுக்கும் வேர்களுக்கும் இடையே ஒளிந்திருக்கும். நீரில் விழும் எறும்பும் பூச்சியும் அதன் உணவு. இம்பெல்லிஸ் தேங்கிய நீரில் வாழ்வது. கடையில் சிறு புட்டிகளில் விற்கப்படும் வண்ண மீன்களோ மனிதர் பல தலைமுறைகளாக வளர்த்தெடுத்த ஸ்பிளெண்டென்ஸ்.

அடுத்து, உடலமைப்பு. மூன்றிலும் முதுகுத் துடுப்பு சிறியது. பின்னால் தள்ளி அமைந்திருக்கும். வயிற்றின் கீழுள்ள குதத் துடுப்பு நீண்டு வால்வரை செல்லும். பக்னாக்ஸ் பழுப்பு நிறம் கொண்டது. செதில்களில் நீலப் பச்சைப் புள்ளிகள் மினுங்கும். வளர்ந்த ஆணின் தலை பெரிதாகவும், வால் நடுவில் கூராகவும் இருக்கும். இம்பெல்லிஸ் ஆண் கருத்த உடலுடையது. அதன் வால் விளிம்பில் பிறைபோன்ற சிவப்புப் பட்டை தெரியும். செவுள் மூடியில் பச்சை அல்லது நீலக் கோடுகள் இருக்கும். ஸ்பிளெண்டென்ஸின் இயற்கை வடிவத்தில் அக்கோடுகள் சிவப்பாக இருக்கும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்தானது. பயந்துபோன மீன் சில நிமிடங்களிலேயே வெளிறிவிடும். சற்று முன் இல்லாத கோடுகள் உடலின் நீளவாக்கில் தோன்றும். பெண் மீன்களும் குஞ்சுகளும் பெரும்பாலும் கோடுகளோடுதான் காணப்படும். அதனால்தான் ஆய்வாளர்கள் துடுப்பு முள்களையும் செதில் வரிசைகளையும் எண்ணுகின்றனர். அருங்காட்சியகப் புட்டியில் நிறம் மங்கினாலும் எண்ணிக்கை மாறாது. புள்ளிக் கெண்டையும் இப்படித்தான். குஞ்சாக இருக்கும்போது பல புள்ளிகள் இருக்கும். வளர வளர அவற்றுள் சில மறையும். தாயையும் குஞ்சையும் இரண்டு இனங்களாக எண்ணியவர்கள் உண்டு.

மூன்றாவது அடையாளம் நடத்தை. என் கருத்தில் இதுவே மிகச் சுவையானது. இம்பெல்லிஸும் ஸ்பிளெண்டென்ஸும் நீரின் மேற்பரப்பில் நுரைக்குமிழ்களால் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். ஓடும் நீரில் நுரைக்கூடு நிலைக்குமா? நிலைக்காது. எனவே, பக்னாக்ஸ் ஆண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துக் காக்கிறது. பெண் மீன் முட்டைகளைப் பொறுக்கி ஆணை நோக்கி உமிழ, ஆண் அவற்றை வாயில் ஏந்திக்கொள்ளும். குஞ்சுகள் நீந்தும் நிலையை அடையும்வரை அது இரையுண்பதில்லை. தாடை புடைத்த மீனைக் கண்டால் அதை வலையில் அள்ளக்கூடாது. அதிர்ச்சியில் அது முட்டைகளை உமிழ்ந்துவிடும், விழுங்கிவிடவும் கூடும்.

மீனை அடையாளம் காண அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. குறுகலான கண்ணாடிப் பெட்டியில் ஓடை நீரையே ஊற்றி, மீனின் தலை இடப்பக்கம் இருக்குமாறு பக்கவாட்டில் படம் எடுக்கலாம். அருகில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். பிடித்த இடம், நாள், நீர் ஓடுகிறதா தேங்கியுள்ளதா என்பதைக் குறித்துக்கொண்டு, மீனை அதே இடத்தில் விட வேண்டும். காப்புக்காடுகளிலும் பூங்காக்களிலும் அனுமதியின்றி மீன் பிடிக்கலாகாது. மலையில் மழை பெய்தால் அருவியோரத்தில் திடீரென நீர் பெருகும் என்பதையும் மறவாதீர்.

‘அதே இடத்தில்’ என்பதை அழுத்திக் கூறக் காரணம் உண்டு. இம்பெல்லிஸும் ஸ்பிளெண்டென்ஸும் நெருங்கிய உறவினங்கள். ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கக்கூடியவை. வளர்க்க மனமில்லாமல் வாய்க்காலில் விடப்படும் ஒரு கடை மீன், அங்குள்ள இம்பெல்லிஸின் வழித்தோன்றல்களில் கலந்துவிடக்கூடும். சில தலைமுறைகளுக்குப் பின் பிடிபடும் மீன் எந்த இனம் என்று யாரால் கூற முடியும்? தொட்டியைச் சுத்தப்படுத்த வாங்கப்பட்ட ‘பண்டாராயா’ மீன் நம் ஆறுகளில் பெருகியதும் இவ்வாறு விடப்பட்டதால்தான். அது தென் அமெரிக்காவைச் சேர்ந்தது.

மலையோடை மீனுக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. தீபகற்ப மலேசியாவின் பல மாநிலங்களில் பிடிபட்ட, வாயில் முட்டை காக்கும் பெட்டா மீன்கள் ஒரு காலத்தில் பக்னாக்ஸ் என்றே எண்ணப்பட்டன. பிறகு ஆய்வாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தனர். ஜொகூரில் கிடைத்தது 1996இல் ‘பெட்டா புல்கரா’ எனவும், திரெங்கானுவில் கிடைத்தது 2005இல் ‘பெட்டா ஸ்டிக்மோசா’ எனவும் பெயர் பெற்றன. இத்தகைய மீனொன்று புதியது எனக் கூற வேண்டுமானால், அதைப் பினாங்கு மீனோடு வைத்து ஒப்பிட்டாக வேண்டும். கேண்டர் பெயரிட்ட மீன் அதுதானே! எனவே, திரெங்கானு ஓடையில் பிடித்த மீனை ஒருவர் அறியாமல் கொடிமலை ஓடையில் விட்டுவிட்டால், கலப்பது இரண்டு மீன்கள் மட்டுமா? மற்ற மீன்களை அளக்க வைத்திருக்கும் அளவுகோலே கலங்கிவிடும்.