கலங்கிய கரைசலில் பிறந்த நூல்



இந்த முறை 'அறிவியல் அறிவோம்' பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கெவ்லார். ஏன் இதை எடுத்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன். படித்துவிட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

கெவ்லார் என்றால் என்ன?

இது ஒரு செயற்கை நூல். மஞ்சள் நிறத்தில் இருக்கும். பார்த்தால் சாதாரண நூல் மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரே எடையுள்ள எஃகுக் கம்பியோடு ஒப்பிட்டால், இது சுமார் 5 மடங்கு இழுவிசையைத் தாங்கும். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம். கெவ்லாரின் அடர்த்தி 1.44 கிராம்தான். அவ்வளவு லேசு!

கண்டுபிடித்தவர் யார்?

ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ கென்சிங்டன் என்ற ஊரில் 1923-ல் பிறந்தார். சின்ன வயதில் அப்பாவோடு காடு மேடெல்லாம் சுற்றி இலை, விதை, புல் எல்லாம் சேகரித்து நோட்டில் ஒட்டி வைப்பாராம். அவருக்கு 10 வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். துணி, தையல் மேல் ஆசை வந்தது அம்மாவிடமிருந்து.

டாக்டர் ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 1946-ல் வேதியியல் பட்டம் பெற்றார். மருத்துவம் படிக்கப் பணம் இல்லை. கொஞ்ச நாள் வேலை பார்த்துப் பணம் சேர்க்கலாம் என்று டூபான்ட் கம்பெனியில் சேர்ந்தார். ஆராய்ச்சி பிடித்துப்போய், 40 வருடம் அங்கேயே இருந்துவிட்டார்!

அந்தக் கலங்கிய கரைசல்

1964-ல் அவருடைய குழுவுக்கு ஒரு வேலை வந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு வரலாம் என்று அப்போது பயந்தார்கள். டயருக்குள் எஃகுக் கம்பிக்குப் பதிலாக லேசான, உறுதியான நூல் வைத்தால் வண்டியின் எடை குறையும், பெட்ரோல் மிச்சமாகும். அந்த நூலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

செயற்கை நூல் செய்வது நம்ம வீட்டில் இடியாப்பம் பிழிவது மாதிரிதான். பாலிமரை ஒரு திரவத்தில் கரைத்து, மிகச் சிறிய துளைகள் உள்ள தட்டு வழியாக அழுத்தத்தோடு பிழிவார்கள். வெளியே வருவது இறுகி நூலாகும். பிழிவதற்கான கரைசல் தெளிவாகவும் சர்க்கரைப் பாகு மாதிரி கெட்டியாகவும் இருக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம்.

1965-ல் குவோலெக் தயாரித்த ஒரு கரைசல் இதற்கு நேர்மாறாக இருந்தது. தண்ணி மாதிரி ஓடியது. மோர் மாதிரி கலங்கி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் தப்பாகிவிட்டது என்று கொட்டியிருப்பார்கள். அவர் கொட்டவில்லை. தூசி கலந்திருக்குமோ என்று வடிகட்டிப் பார்த்தார். அப்போதும் கலங்கல் போகவில்லை. அப்படியென்றால் கலங்கல் தூசியால் வந்ததில்லை!

நூல் பிழியும் இயந்திரத்தைக் கவனித்தவர் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டார். துளை அடைத்துக்கொள்ளும் என்று அவருக்குப் பயம். குவோலெக் விடாமல் கேட்டார். கடைசியில் அவரும் சம்மதித்தார். துளை அடைக்கவில்லை, நூல் அழகாக வந்தது. சோதனைக்கு அனுப்பியபோது வந்த எண்ணைக் குவோலெக்கே நம்பவில்லை. உடனே எல்லாரிடமும் சொல்லாமல், திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொன்னார். சந்தேகம் தீர்ந்த பிறகுதான் வெளியே சொன்னார்.

ஏன் கலங்கி இருந்தது?

சாதாரண பாலிமரின் மூலக்கூறுகள் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி வளைந்து நெளிந்து கிடக்கும். குவோலெக்கின் பாலிமரில் மூலக்கூறுகள் ஈர்க்குச்சி மாதிரி விறைப்பானவை. அவை கரைசலிலேயே கட்டுக்கட்டாக ஒரே திசையில் அடுக்கி நிற்கும். இதற்குத் திரவப் படிகம் என்று பெயர். இந்தக் கட்டுகள் ஒளியைச் சிதற வைத்ததால்தான் கரைசல் கலங்கலாகத் தெரிந்தது.

பிழியும்போது எல்லாக் குச்சிகளும் நூலின் நீளவாக்கில் நேராகிவிடும். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்கிப் பிடிக்கும். ஒரு ஈர்க்குச்சியை ஒடிக்கலாம், துடைப்பக்கட்டையே ஒடிக்க முடியுமா? அதே கதைதான். கலங்கலும் பலமும் ஒரே காரணத்தால் வந்தவை!

எங்கெல்லாம் பயன்படுகிறது?

1. குண்டு துளைக்காத சட்டை. பல அடுக்குத் துணி இருக்கும். கோல் வலை பந்தைப் பிடிப்பது மாதிரி, குண்டின் வேகத்தைச் சுற்றியுள்ள நூல்களுக்கெல்லாம் பரப்பிவிடும்.
2. தீயணைப்பு வீரர் உடை, கண்ணாடி ஆலைக் கையுறை. இது உருகாது, எளிதில் வெட்டுப்படாது.
3. ஆப்டிக் ஃபைபர் கேபிள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை அறுந்துவிடாமல் காக்கும்.
4. டயர், கயிறு, பிரேக் பட்டை, ஹெல்மெட்.

குறையும் உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் பலம் குறையும். நூலாகப் பிழிய அடர் கந்தக அமிலத்தில் கரைக்க வேண்டும், அதனால் செலவு அதிகம்.

குவோலெக் 2014-ல், 90 வயதில் காலமானார்.

இப்போது என் கதை

போன மாதம் கரைசல் பாடத்துக்குச் செய்முறை வகுப்பு. உப்பு, சர்க்கரை, சலவைச் சோடா மூன்றையும் வாலை வடிநீரில் கரைத்து டார்ச் அடித்துப் பார்க்கணும். கேன் பக்கம் கூட்டமாக இருந்தது. நான் அவசரத்தில் குழாயில் போர் தண்ணியைப் பிடித்துவிட்டேன். சலவைச் சோடா போட்டதும் பால் மாதிரி கலங்கிவிட்டது. யாரும் பார்க்கும் முன்னாடி தொட்டியில் கொட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவள் நோட்டைப் பார்த்து 'தெளிவாக உள்ளது' என்று எழுதினேன். டீச்சர் சரி போட்டார்.

குவோலெக் பற்றி நூலகப் பீரியடில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "மறுபடி செஞ்சு பாரு" என்றார். போர் தண்ணியில் கலங்கியது. வாலை வடிநீரில் கலங்கவில்லை. நம் ஊர்த் தண்ணி கடினநீர். அதில் உள்ள கால்சியம் உப்புகள் சலவைச் சோடாவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுதே, பெரும்பாலும் அதுவும் இதுதான். நம் தண்ணியைப் பற்றி அந்த பீக்கர் எனக்கு ஒன்று சொல்ல வந்தது. நான் கேட்காமல் கொட்டிவிட்டேன்.

நோட்டில் பழைய பதிலை அடித்துவிட்டு 'கலங்கியது' என்று எழுதினேன். டீச்சர் பக்கத்தில் இன்னொரு சரி போட்டார்.

ஆகவே நண்பர்களே, செய்முறையில் உங்களுக்கு வந்ததையே எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பது போல வரவில்லையா? கொட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. குவோலெக் கரைசலை ஏன் வடிகட்டினார்?
2. உங்கள் வீட்டுத் தண்ணியிலும் மழைத் தண்ணியிலும் சோப்பு ஒரே மாதிரி நுரைக்கிறதா? செய்து பார்த்து எங்கள் வகுப்பில் வந்து சொல்லுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி